சமவாய்ப்பு மாறி என்பது மாறியா, சார்பா?

"மாறி என்று பெயர் வைத்துவிட்டு, சார்பு என்று வரையறை தருகிறார்களே" என்று கேட்டிருக்கிறீர்கள். சார்புதான், அதாவது ஒவ்வொரு விளைவுக்கும் ஓர் எண்ணைத் தரும் விதி; பெயர்தான் ஆளைக் குழப்புகிறது. பகடையை வைத்து விளக்கினால் இது பிடிபடாது, அதில் முகத்தில் எழுதிய எண்ணே மதிப்பாகிவிடுகிறது அல்லவா? தாயக்கட்டையை எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கட்டைகள், ஒவ்வொன்றிலும் நான்கு முகங்கள்: வெறுமை, 1, 2, 3. உருட்டினால் 4 × 4 = 16 விளைவுகள்; இதுதான் கூறுவெளி. வெறுமையை 0 என்று கொண்டு இரண்டு முகத்தையும் கூட்டு, இரண்டும் வெறுமையானால் மட்டும் 12 என்று வை: இந்த விதிதான் சமவாய்ப்பு மாறி. தற்செயல் எல்லாம் கட்டை விழுவதோடு முடிந்தது. விதி மாறாமல் அப்படியே நிற்கிறது. (ஊருக்கு ஊர் ஆட்டமுறை மாறும். அப்போது கட்டை அதேதான், மாறி வேறு.)

கிடைக்கும் மதிப்புகள் 1, 2, 3, 4, 5, 6, 12. ஏழு மதிப்பு, ஆகவே ஆளுக்கு 1/7 என்று எழுதுவதுதான் தேர்வுத்தாளில் அதிகம் வரும் பிழை. சம வாய்ப்பு 16 விளைவுகளுக்குத்தான், அதுவும் கட்டை தேயாமல் இருந்தால். எண்ணிப் பாருங்கள்: தாயத்துக்கு (1) இரண்டு வழி, 2க்கு மூன்று, 3க்கு நான்கு, 4க்கு மூன்று, 5க்கு இரண்டு, 6க்கும் 12க்கும் ஒவ்வொன்று. ஒவ்வொன்றையும் 16ஆல் வகுத்தால் நிகழ்தகவுப் பரவல் கிடைத்துவிடும். கூட்டினால் 1 வரவில்லை என்றால் எங்கோ ஒரு வழி விட்டுப்போயிருக்கிறது.

எதிர்பார்ப்பு: மதிப்பை நிகழ்தகவால் பெருக்கிக் கூட்டினால் 60/16 = 3.75. இங்கே ஒரு பொறி. ஒரு கட்டையின் சராசரி 1.5, எனவே இரண்டுக்கும் 3 என்று குறுக்குவழியில் போனால் தவறு. அந்தக் குறுக்குவழி கூட்டுத்தொகைக்குச் செல்லும். நம் மாறி முழுக்கக் கூட்டுத்தொகை இல்லை. அந்த ஒரே ஒரு வெறுமை-வெறுமை 12/16 = 0.75ஐச் சேர்க்கிறது.

மதிப்புகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவான பரவற்படியில் அந்த 12இன் கை இன்னும் ஓங்கும். வர்க்கங்களின் எதிர்பார்ப்பு 328/16 = 20.5, அதிலிருந்து 3.75இன் வர்க்கத்தைக் கழித்தால் 6.4375. வெறும் கூட்டுத்தொகைக்கு இது 2.5தான். வர்க்கப்படுத்துவதால் தூரத்து மதிப்பின் எடை ஏறிவிடுகிறது.

காய் இறக்கத் தாயம் விழவேண்டும் என்றால், ஒரு உருட்டுக்கு வாய்ப்பு 1/8, சராசரிக் காத்திருப்பு 8 உருட்டு. ஆனால் 8 உருட்டியும் தாயமே விழாமல் போக (7/8)இன் எட்டாம் அடுக்கு, சுமார் 0.34 வாய்ப்பு உண்டு. பத்து முறை விழாதவருக்கும் இனிமேல் காத்திருப்பு அதே 8தான்.