கார்ல்டன் எப்படி மேலே? ஏ.எஃப்.எல். சதவீதக் கணக்கு

உங்கள் மாதிரிக் கணக்கில் ஏ.எஃப்.எல். (ஆஸ்திரேலியக் கால்பந்து லீக்) அணிகளான காலிங்வுட், கார்ல்டன் இரண்டுக்குமே பட்டியலில் 52 புள்ளி. ஆட்டங்களில் காலிங்வுட் மொத்தம் அடித்தது 1950, எதிரணிகளுக்கு விட்டது 1770; வித்தியாசம் 180. கார்ல்டன் 1700, 1530, வித்தியாசம் 170தான். பிறகு ஏன் கார்ல்டன் மேலே என்று கேட்கிறீர்கள்.

நீங்கள் கழித்துப் பார்க்கிறீர்கள், ஏ.எஃப்.எல்.லில் வகுக்க வேண்டும். வெற்றிக்கு 4, டிராவுக்கு 2 புள்ளி. அது சமமானால் அடித்ததை விட்டதால் வகுத்து 100ஆல் பெருக்க வேண்டும். காலிங்வுட் 110.17, கார்ல்டன் 111.11. அதனால்தான் குறைவாக விட்டுக்கொடுக்கும் அணிக்கு இந்த முறை சாதகம். கிரிக்கெட் நெட் ரன் ரேட் பழக்கத்தில் இங்கே வந்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

கடைசிச் சுற்றில் கார்ல்டன் 80-70 என்று ஜெயித்தால் 1780/1600, அதாவது 111.25. காலிங்வுட் 70 விட்டுக்கொடுத்தால் 97 அடித்தாலும் 2047/1840, அதே 111.25! 98 வேண்டும். அந்த ஒற்றைப் புள்ளி ஒரு பிஹைண்ட் (கோல் கம்பத்துக்கும் அதற்கு வெளியே உள்ள கம்பத்துக்கும் நடுவே பந்து போனால் கிடைப்பது), அவ்வளவுதான். பந்து கோல் கம்பத்தில் பட்டாலும் கிடைத்துவிடும். ஆனால் காலிங்வுட் 60-30 என்று ஜெயித்தால் 111.67, 100-70 என்றால் 111.41. வித்தியாசம் இரண்டிலும் 30தான், பாருங்கள்.

இன்னொன்று: ஸ்கோர் 14.14 என்றால் தசமம் இல்லை. 14 கோல் (தலா 6), 14 பிஹைண்ட், மொத்தம் 98. சதவீதத்துக்கு அந்த மொத்தத்தை மட்டும் எடுங்கள். கார்ல்டன் ஆட்டம் பிறகு நடந்தால் எத்தனை வேண்டும் என்று தெரிந்துகொண்டே ஆடுவார்கள், அதையும் கணக்கில் வையுங்கள்.