மருந்தா, நடவா? முடி உதிர்வு பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: எனக்கு வயது 27. அப்பச்சிக்கும் அம்மானுக்கும் வழுக்கை. எனக்கும் இரண்டு வருடமாக நெற்றி ஏறிக்கொண்டே போகிறது. உச்சியிலும் தோல் தெரிய ஆரம்பித்துவிட்டது. தை மாதம் கல்யாணம். எண்ணெய் வைக்காததுதான் காரணம் என்று ஆத்தா சொல்கிறார்கள். ஒரு கிளினிக்கில் 5000 கிராஃப்ட் முடி ஒரே நாளில் நட்டுத் தருவதாகச் சொல்கிறார்கள். மருந்து போதுமா, நட்டுக்கொள்ளலாமா? (காரைக்குடி வாசகர்)

பதில்: கல்யாணத்துக்கு முன் நடவு வேண்டாம், தம்பி. நாள் கணக்கைப் பாருங்கள். ஆவணியில் செய்துகொண்டால் தைக்கு ஐந்து மாதம். நட்ட இடத்துப் பொருக்கு 7 முதல் 10 நாளில் உதிரும். அதன்பின் 2 முதல் 6 வாரத்துக்குள் நட்ட முடியும் பெரும்பாலும் கொட்டிவிடும். வேர் உள்ளே இருக்கும், பயப்பட வேண்டியதில்லை. மூன்று நான்கு மாதத்தில்தான் மெல்லிய முடி தலைகாட்டும். முழு அடர்த்தி தெரிய 9 முதல் 12 மாதம், உச்சந்தலைக்கு அதற்கு மேலும் ஆகும். திருப்பூட்டும் நேரத்தில் உங்கள் தலை அரைகுறையாக நிற்கும். இருக்கிற முடியில் கொஞ்சம் அதிர்ச்சியில் உதிர்வதும் உண்டு.

எண்ணெய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உங்களுக்கு இருப்பது பரம்பரை வழுக்கை. டி.எச்.டி. என்ற ஹார்மோன் முன்னந்தலையிலும் உச்சியிலும் உள்ள முடிவேர்களைச் சுருக்குகிறது. உதிர்ந்து முளைக்கும் ஒவ்வொரு சுற்றிலும் முடி முன்னைவிட மெலிதாக, குட்டையாக முளைத்து, கடைசியில் பூனைமுடியாகி நின்றுவிடும். நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று பாருங்கள். மெலிந்த முடி இன்னும் இருக்கிற இடத்தை மருந்து மீட்கும். தோல் வழுவழுவென்று மின்னி, பூனைமுடிகூட இல்லாத இடத்தில் மருந்துக்கு வேலை இல்லை. தோல் மருத்துவர் ட்ரைகோஸ்கோப் என்ற உருப்பெருக்கிக் கருவியை வைத்துப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். சிவகங்கை, புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் பிரிவுக்குப் போய்க் கேட்கலாம்.

நடவில் புதிதாக ஒரு முடிகூட உண்டாவதில்லை. பிடரியிலும் காதுக்கு மேலும் உள்ள வேர்கள் டி.எச்.டி.க்கு அசைந்து கொடுக்காதவை. அவற்றை எடுத்து முன்னால் வைக்கிறார்கள். இடம் மாறினாலும் அவற்றின் குணம் மாறாது என்பதை 1950-களில் நியூயார்க்கில் நார்மன் ஓரென்ட்ரைக் என்ற மருத்துவர் காட்டினார். ஆனால் நட்ட முடிக்குப் பக்கத்தில் இருக்கும் உங்கள் பழைய முடி உதிர்வதை அறுவை சிகிச்சை நிறுத்தாது. 27 வயதில் முன்நெற்றியைத் தாழ்வாக நட்டு, மருந்தும் எடுக்காமல் விட்டால், 40 வயதில் முன்னால் ஒரு திட்டு, அதற்குப் பின்னால் வெறுந்தலை என்று நிற்கும். அதனால் எந்த வயதிலும் முதலில் உதிர்வதை நிறுத்த வேண்டும், நடவு அதற்குப் பிறகுதான். இது மருந்தா நடவா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி இல்லை.

தலையில் தடவும் மருந்து, மினாக்ஸிடில் 5 சதவீதத் திரவம்: ஒரு வேளைக்கு 1 மி.லி., நாளைக்கு இரண்டு வேளை. 60 மி.லி. பாட்டில் சரியாக ஒரு மாதம் வர வேண்டும். இரண்டு மாதம் வந்தால் குறைவாகப் போடுகிறீர்கள் என்று அர்த்தம். கூடுதலாக ஊற்றினால் கூடுதலாக முளைக்காது. படபடப்பும் வீக்கமும்தான் வரும். உலர்ந்த தலையில் வகிடு வகிடாகப் பிரித்து, முடியில் படாமல் தோலில் விட்டு, விரல் நுனியால் தடவிக் கையைக் கழுவுங்கள். நான்கு மணி நேரம் தலையை நனைக்காதீர்கள். ராத்திரி வேளையைப் படுக்கும் முன் 2 மணி நேரமாவது முன்னதாகப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் தலையணை உறைதான் குடிக்கும். எண்ணெய்த் தலையில் போட்டால் மருந்து தோலுக்குள் ஒழுங்காக இறங்காது. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை விட வேண்டாம், சீயக்காய் போட்டு அலசித் தலை காய்ந்த பிறகு மருந்தைப் போடுங்கள். அரிப்பும் செதிலும் வந்தால் பெரும்பாலும் திரவத்தில் உள்ள ப்ரோப்பிலீன் கிளைகால் என்ற கரைப்பான்தான் காரணம். அது இல்லாத ஃபோம் (நுரை) வகைக்கு மாறலாம்.

முதல் இரண்டு மாதத்தில் முடி முன்னைவிட அதிகமாகக் கொட்டும். ஓய்வில் இருந்த பழைய முடியைப் புது முடி தள்ளுவதால் வருவது அது. பெரும்பாலோர் மருந்தை நிறுத்துவது இந்த இடத்தில்தான். கொட்டுவது இரண்டு மாதத்தில் தணியும். பலன் இருக்கிறதா இல்லையா என்று 6 மாதத்துக்கு முன் முடிவு கட்ட வேண்டாம். நிறுத்தினால் வந்த பலன் சில மாதங்களில் போய்விடும். அதை அறிந்துதான் தொடங்க வேண்டும்.

ஃபினாஸ்டரைடு 1 மி.கி. மாத்திரை, தினம் ஒன்று. இது ரத்தத்தில் உள்ள டி.எச்.டி.யைச் சுமார் 70 சதவீதம் குறைக்கும். மினாக்ஸிடில் அந்த வேலையைச் செய்வதில்லை. அமெரிக்காவில் 1997-ல் வழுக்கைக்கு அனுமதி பெற்ற மருந்து. கடையில் சொல்லி வாங்குகிற மாத்திரை இல்லை, மருத்துவர் சீட்டு வேண்டும். ஆண்மை சார்ந்த பக்க விளைவு, ஆரம்ப ஆய்வுகளில் மாத்திரை சாப்பிட்டவர்களில் 3.8 சதவீதத்தினருக்கும் மருந்தில்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 2.1 சதவீதத்தினருக்கும் வந்தது. அபூர்வமாகச் சிலருக்கு மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் வருவது பதிவாகியிருக்கிறது. மனம் மாறுவது தெரிந்தால் அன்றே நிறுத்தி மருத்துவரிடம் போங்கள். விந்தணு எண்ணிக்கை சிலருக்குக் குறையும். நிறுத்தினால் திரும்பும் என்றாலும், கல்யாணமான கையோடு குழந்தைக்குத் திட்டமிட்டால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். கர்ப்பமாக இருக்கும் பெண் உடைந்த மாத்திரையைத் தொடக்கூடாது. சாப்பிடும் காலத்திலும் நிறுத்தி ஒரு மாதம் வரையும் ரத்ததானம் செய்யக்கூடாது.

5000 கிராஃப்ட் விளம்பரத்துக்கு வருவோம். ஒரு கிராஃப்ட் என்பது ஒன்று முதல் நான்கு முடி வரை உள்ள ஒரு வேர்க்கொத்து. ஒருவர் பிடரியிலிருந்து வாழ்நாள் முழுக்கச் சேதமில்லாமல் எடுக்கக்கூடியது சராசரியாக 6000-ஐ ஒட்டித்தான் இருக்கும். ஒரு சதுர செ.மீ.க்குச் சுமார் 40 கிராஃப்ட் நட்டாலே பார்வைக்கு நிறையும். 50 சதுர செ.மீ. முன்நெற்றி என்று வைத்தாலும் 2000 போதும். ஒரே நாளில் 5000 பிடுங்கினால் பிடரி பூச்சி அரித்த துணி மாதிரி ஆகிவிடும். பின்னாளில் உச்சிக்கு நட வேர் மிஞ்சாது. நேரம் நீள நீள, வெளியே காத்திருக்கும் வேர்கள் காய்ந்து சாகவும் செய்யும். தலை மரத்துப்போகப் போடும் ஊசி மருந்தான லிக்னோகைனின் அளவும் கூடும். அது உடல் எடைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுப் போட வேண்டிய மருந்து.

பின்னாளில் நட்டுக்கொள்ள முடிவு செய்தால் மூன்று கேள்வி கேளுங்கள். வேரை எடுப்பதும் துளையிடுவதும் யார், மருத்துவரா டெக்னீஷியனா? அவர் தோல் மருத்துவத்திலோ பிளாஸ்டிக் சர்ஜரியிலோ பட்டம் பெற்றவரா? மயக்கமோ வலிப்போ வந்தால் ஆக்ஸிஜனும் அவசர மருந்தும் அதைக் கையாளத் தெரிந்த ஆளும் அறையிலேயே உண்டா? 2016-ல் சென்னையில் முடி நடவு செய்துகொண்ட மருத்துவ மாணவர் ஒருவர் இறந்துபோனார். யார் செய்யலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. அழகு நிலையத்துக்குள் நடக்கும் நடவுக்குத் தலையைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: குன்றக்குடியில் மொட்டை போட்டால் முடி அடர்த்தியாக வரும் என்கிறார்களே? நடவு செய்த பிறகு மொட்டை போடலாமா? (பள்ளத்தூர் வாசகர்)

பதில்: அடர்த்தி அதிகமாகாது. வேர் தோலுக்குள் இருக்கிறது, கத்தி அங்கே போவதில்லை. வெட்டுப்பட்ட நுனி மழுங்கலாக இருப்பதால் தொட்டால் தடிப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

இரண்டாவது கேள்வியை நம் ஊர்க்காரர்கள் அறுவைக்கு முன்பே கேட்க வேண்டும். எஃப்.யூ.டி. முறையில் பிடரித் தோலை ஒரு பட்டையாக வெட்டி எடுத்துத் தைப்பார்கள். மொட்டை போட்டால் காதிலிருந்து காதுவரை கோடு தெரியும். எஃப்.யூ.இ. முறையில் ஒரு மி.மீ.க்கும் குறைவான துளைகளில் ஒவ்வொன்றாக எடுப்பார்கள். புள்ளி புள்ளியாக வெளுப்பு இருக்கும், கோடு இருக்காது. நேர்த்திக்கடன் இருப்பவர் எஃப்.யூ.இ. கேளுங்கள், அல்லது மொட்டையை முடித்துவிட்டு வாருங்கள். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடப்பவர்கள் அதற்கு முந்தைய மாதத்தில் நடவு வைத்துக்கொள்ளக்கூடாது. வெயிலும் வியர்வையும் புதுத் தோலுக்கு ஆகாது.

கேள்வி: இரண்டாவது குழந்தை பிறந்து நான்கு மாதம். சீவினால் கைநிறைய வருகிறது. போர்த் தண்ணீர் உப்பு. நடவு செய்யலாமா? (தேவகோட்டை வாசகி)

பதில்: வேண்டவே வேண்டாம், அம்மா. கர்ப்ப காலத்தில் உதிராமல் தங்கிய முடி, பிரசவமாகி 2 முதல் 4 மாதத்தில் ஒன்றாகக் கொட்டுகிறது. ஆறு மாதம், மிஞ்சினால் ஒரு வருடத்தில் திரும்பிவிடும். ரத்தத்தில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்புச்சத்து இருப்பு), தைராய்டு மூன்றையும் பாருங்கள்; குறை இருந்தால் அதைச் சரிசெய்வதே சிகிச்சை. தாய்ப்பால் கொடுக்கும்வரை மினாக்ஸிடில் வேண்டாம். ஃபினாஸ்டரைடு உங்களுக்கு உரியதே அல்ல. ஒரு வருடம் கழிந்தும் நடுவகிடு அகன்றுகொண்டே போனால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும், வழுக்கையாக்காது. கடைசி ஒரு சொம்பு மட்டும் நல்ல தண்ணீரில் அலசினால் போதும்.

கேள்வி: வயது 59. இதயத்தில் ஸ்டென்ட் இருக்கிறது, ஆஸ்பிரின் சாப்பிடுகிறேன். அறுபதாம் கல்யாணத்துக்குள் நட்டுக்கொள்ளச் சொல்லி சிங்கப்பூரிலிருந்து மகன் வற்புறுத்துகிறான். (பொன்னமராவதி வாசகர்)

பதில்: வயது தடையில்லை, ஐயா. இந்த வயதில் வழுக்கை எதுவரை போகும் என்பது தெரிந்துவிட்டதால் திட்டமிடுவது 27 வயதுக்காரரைவிட எளிது. தடையாக இருப்பது ஸ்டென்ட். நடவுக்காக ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தினால் ஸ்டென்டில் ரத்தம் உறையக்கூடும். இதய மருத்துவர் எழுத்தில் சம்மதம் தராமல் தேதி குறிக்காதீர்கள். மினாக்ஸிடில் முதலில் ரத்தக் கொதிப்பு மாத்திரையாக வந்தது. முடி வளர்ந்தது அதன் பக்க விளைவு. ஆகவே தலையில் தடவுவதற்கும் இதய மருத்துவரிடம் கேளுங்கள். நெஞ்சு வலி, படபடப்பு, கால் வீக்கம் எது வந்தாலும் நிறுத்திவிடுங்கள்.

ஃபினாஸ்டரைடு எடுத்தால் ப்ராஸ்டேட் சுரப்பிக்கான பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை அளவு ஏறக்குறைய பாதியாகிவிடும். புற்றுநோய் இருந்தாலும் ரிப்போர்ட் சரியாக இருப்பதுபோல் காட்டும். மாத்திரை தொடங்கும் முன் ஒரு முறை பி.எஸ்.ஏ. பார்த்துச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பிறகு எப்போது பரிசோதித்தாலும் இந்த மாத்திரை சாப்பிடுவதை மருத்துவரிடம் சொல்லுங்கள், அவர் வந்த எண்ணை இரட்டித்துக் கணக்குப் பார்ப்பார்.