சட்டம் கேளுங்கள்: லீவு முடிந்தும் போகாத சிப்பாய்

கேள்வி: என் மகன் ராணுவத்தில் சிப்பாய். லீவில் வந்தவன் காய்ச்சலில் படுத்து, ஒன்பது நாள் தாமதமாக யூனிட்டுக்குப் போனான். ஓ.எஸ்.எல். (லீவு முடிந்தும் திரும்பாத குற்றம்) போட்டு சி.ஓ. (யூனிட்டின் கமாண்டிங் ஆபீசர்) முன்னால் நிறுத்தப்போகிறார்களாம். வேலை போய்விடுமா?
– ஒரு தாய், கருங்கல்

பதில்: போகாது அம்மா. 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 80-ஆவது பிரிவில், டிஸ்மிஸ் செய்யும் அதிகாரம் சி.ஓ.வுக்கு இல்லை. உச்சம், 28 நாள் ராணுவக் காவலில் சிறை. லைனை (யூனிட்டில் சிப்பாய்கள் தங்கும் பகுதி) விட்டு வெளியே போகத் தடை, கூடுதல் டியூட்டி, 14 நாள் சம்பளம் வரை அபராதம் ஆகியவையும் உண்டு. சிறையும் லைன் தடையும் சேர்ந்து வந்தாலும் 42 நாளைத் தாண்டக்கூடாது. வராத நாட்களின் சம்பளத்தைப் பிடிப்பது தனி.

மகன் கவனிக்க வேண்டியது ஒரே சொல்தான். 39-ஆவது பிரிவின்படி, 'போதிய காரணமின்றி' லீவைத் தாண்டினால்தான் குற்றம். தொப்பியும் பெல்ட்டும் கழற்றி உள்ளே நிறுத்தியதுமே, பதற்றத்தில் "தப்புதான் சாப்" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அது கூடாது. ராணுவ விதி 22-இன்படி உங்கள் மகன், தனக்கு எதிரான சாட்சியைக் குறுக்குக் கேள்வி கேட்கலாம், தன் சாட்சியைக் கூப்பிடலாம், தன் பக்கத்தைச் சொல்லலாம். ஆஸ்பத்திரியில் சேர்த்த சீட்டு, ரத்தப் பரிசோதனை முடிவு, டிஸ்சார்ஜ் சம்மரி மூன்றையும் இன்றே அனுப்புங்கள். 'ஓய்வு தேவை' என்ற கிளினிக் சீட்டு மட்டும் நிற்காது. பயணம் செய்ய முடியாத நிலை என்பதை அது காட்டாது. இனி லீவில் நோய் வந்தால் திருவனந்தபுரம் பாங்கோடு ராணுவ மருத்துவமனைக்குப் போகட்டும். நகர முடியாவிட்டால் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜில் சேர்ந்து, லீவு முடியும் முன்பே யூனிட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும்.

சிறைத் தண்டனை, சர்வீஸ் ரெக்கார்டில் 'ரெட் இங்க்' (சிவப்பு மை) பதிவாக ஏறும். நான்கு சேர்ந்தால் வீட்டுக்கு அனுப்பும் நடவடிக்கை தொடங்கலாம். ஆனால் எண்ணிக்கையை மட்டும் வைத்து அனுப்ப முடியாது, முதலில் விசாரணை வேண்டும் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

தண்டனை அநியாயமாகப் பட்டால், சி.ஓ.வுக்கு மேலுள்ள அதிகாரிக்கு எழுதலாம். ரத்து செய்யவோ குறைக்கவோ 87-ஆவது பிரிவு இடம் தருகிறது. சென்னை ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்கு ஓடிப் பணத்தை வீணாக்காதீர்கள். இப்படிப்பட்ட சிறு தண்டனைகள் அதன் வரம்பில் வராது.

கேள்வி: ராணுவத்தில் சிப்பாய்க்கு மேல் பதவியான நாயக் ஆக இருக்கும் அண்ணனுக்கும் இதே சிறையா?
– வாசகர், தக்கலை

பதில்: இல்லை. நாயக், ஹவில்தார் போன்றவர்களுக்கு 80-ஆவது பிரிவில் சிறையும் இல்லை, லைன் தடையும் இல்லை. கண்டனம் அல்லது கடும் கண்டனம் வரும்.

கேள்வி: மணிமுத்தாறு சிறப்புக் காவல்படை பட்டாலியனில் போலீஸ்காரராக இருக்கும் கணவருக்கு 3(ஏ) மெமோ வந்திருக்கிறது. பயப்படணுமா?
– வாசகி, குலசேகரம்

பதில்: போலீஸ் ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் 3(ஏ) சிறு தண்டனைக்கானது, டிஸ்மிஸ் வரை போவது 3(பி). 3(ஏ)-யில் எழுத்து விளக்கம்தான் எல்லாமே. மெமோவில் சொல்லியுள்ள ஆவணங்களின் நகலை முதலில் எழுதிக் கேட்டு வாங்கி, குறித்த நாளுக்குள் பதிலைக் கொடுத்து, நகலில் கையொப்பம் வாங்கச் சொல்லுங்கள்.