போக்கரில் தொடர்ந்து தோற்கிறேன், என் ஆட்டம் தப்பா?

மண்டபத்திலிருந்து ஒரு தம்பி கேட்கிறார்: விசைப்படகுத் தடைக்காலத்தில் போனில் போக்கர் சீட்டாட்டம் பழகினேன், ஒரு வாரமாகத் தோல்விதான், என் ஆட்டம் தப்பா, நேரம் சரியில்லையா?

ரெண்டும் இருக்கலாம் தம்பி. உங்கள் கையில் இரண்டு ஏஸ், அதாவது தொடக்கத்தில் கிடைக்கும் மிகச் சிறந்த ஜோடி; எதிராளியிடம் அதற்கு அடுத்த ஜோடியான இரண்டு கிங். எல்லோருக்கும் பொதுவாக மேசையில் வைக்கும் சீட்டுகள் விரிவதற்கு முன்பே மொத்த சிப்ஸையும் (பந்தய வில்லைகளையும்) இறக்கினாலும் நூற்றுக்கு சுமார் 18 தடவை நீங்கள் தோற்பீர்கள். பாக் நீரிணையில் சரியான இடத்தில் வலை விட்டும் வெறும் படகாகத் திரும்புவதில்லையா? ஒரு வாரக் கணக்கு எதையும் காட்டாது. ஆயிரக்கணக்கான கைகள், அதாவது சுற்றுகள், ஆடினால்தான் தரம் தெரியும்.

பெரிய சேதம் அடுத்து வரும் சூட்டில்தான் நடக்கும். விட்டதைப் பிடிக்கிறேன் என்று, மடக்கிவிட்டு விலக வேண்டிய சீட்டையெல்லாம் ஆடுவோம். சூடு ஏறியதும் போனை வைத்துவிடுங்கள். அப்புறம் மறுநாள் ஆட்டப் பதிவைத் திறந்து, எதிராளியின் சீட்டை மறைத்துக்கொண்டு, நீங்கள் எடுத்த முடிவை மட்டும் பாருங்கள். முடிவு சரியென்றால் தோற்றிருந்தாலும் மாற்ற வேண்டாம்.

இதெல்லாம் இலவச சிப்ஸுக்குத்தான். காசு வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நடத்த 2025-ல் நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தடை விதித்துவிட்டது. தடைக்கால நிவாரணத்தைக் கொண்டுபோய் ஏதோ ஒரு திருட்டுச் செயலியில் கொட்டாதீர்கள். ஏற்கெனவே கடன் ஏறியிருந்தால் இன்றைக்கே வீட்டில் சொல்லிவிடுங்கள்.