சமைக்கப் படிக்க நாலு வருஷமா?

அன்புள்ள அக்காவுக்கு,

நான் ஹட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறேன். உயர்தரத்தில் உயிரியல் பிரிவு. இரண்டாவது தடவையும் எழுதிவிட்டேன். மருத்துவத்துக்கு இசட் ஸ்கோர் (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் புள்ளி) போதவில்லை. உணவு விஞ்ஞானமும் போசணையும் கிடைக்கும் என்று ஆசிரியர் சொல்கிறார். வீட்டில் யாருக்கும் அது என்ன படிப்பென்று தெரியவில்லை. "சமைக்கப் படிக்க நாலு வருஷமா?" என்று மாமா கேட்டுவிட்டார். அம்மா கொழுந்து எடுக்கிறார். "படிச்சு முடிச்சா நீ என்னவா வருவ?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மூன்றாம் தடவை எழுதவா, இதற்குப் போகவா?

ச.

அன்புள்ள ச.,

மருத்துவம்தான் வேண்டும் என்று மனம் இன்னும் அடித்துக்கொண்டால் மூன்றாம் தடவை எழுது. அதில் தப்பே இல்லை. ஆனால் மாமா சொன்ன ஒரு வார்த்தைக்காக இந்தப் படிப்பை விட்டுவிடாதே. நான் இதைப் படித்தவள். தலவாக்கலைப் பக்கத்துத் தோட்ட லயத்தில், அந்த வரிசை வீடுகளில் வளர்ந்தவள்.

என் அப்பா ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை செய்தார். உருட்டி எடுத்த கொழுந்தைப் பரப்பி வைத்திருக்கும் இடத்தில் நின்று, ஒரு பிடி அள்ளி மூக்கருகே வைத்துப் பார்ப்பார். பச்சை வாடை போய் வேறொரு வாசம் ஏறும் நேரம் அவருக்குத் தெரியும். இரண்டாம் வருடத்தில் ஒரு விரிவுரையில்தான் அது என்னவென்று எனக்கு விளங்கியது. புளிக்க வைப்பது என்று நாம் சொன்னாலும் அங்கே நுண்ணுயிர்களுக்கு வேலை இல்லை. உருட்டும்போது இலையின் கலங்கள் உடைகின்றன. உள்ளே தனித்தனியாக இருந்த நொதியமும் (என்சைம்) பொலிபீனோல் என்ற துவர்ப்புப் பொருளும் கலக்கின்றன, காற்றிலுள்ள ஒட்சிசன் சேர்கிறது, பச்சை நிறம் செம்பு நிறமாகிறது. சரியான நேரத்தில் சூடான காற்றைக் கொடுத்து அந்த நொதியத்தை நிறுத்த வேண்டும். ஈரம் 3 வீதம் அளவுக்கு இறங்கிவிட்டால் பூஞ்சணம் அதில் வளர முடியாது, தேயிலை மாதக்கணக்கில் நிற்கும். உணவுத் தொழில்நுட்பத்தின் பெரிய பாடங்கள் நாலைந்து அந்த ஒரே கட்டடத்துக்குள் இருக்கின்றன. நீ பிறந்ததிலிருந்து அதன் வாசத்தில்தான் வளர்ந்திருக்கிறாய்.

இன்னொன்று. நம் வீடுகளில் கடலை வேக ஏன் இவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று யோசித்திருக்கிறாயா? நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் குறைவு, அதனால் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும். எவ்வளவு விறகு வைத்தாலும் திறந்த பானையில் அதற்கு மேல் சூடு ஏறாது. கொழும்பில் எழுதிய சமையல் குறிப்பு நம் ஊரில் பொய்யாகிப் போவதற்கு இதுதான் காரணம். கொதிநீரில் வைத்து ஜாம் போத்தல் அடைப்பவர்கள் மலையில் கூடுதல் நேரம் வைக்க வேண்டும் என்பதற்கும் இதே காரணம். இதைச் சமையல் என்று சொன்னால் மாமா சொன்னது சரிதான். அப்புறம் அந்தச் சமையலுக்குப் பௌதிகமும் இரசாயனமும் நுண்ணுயிரியலும் தெரிந்திருக்க வேண்டும்.

உணவு வாய்க்கு வரும்வரை நடப்பதைத் தொழில்நுட்பம் என்றும், வாய்க்குள் போனபின் நடப்பதைப் போசணை என்றும் வைத்துக்கொள். எனக்கு இரண்டாவதுதான் நெஞ்சில் ஒட்டியது. 2016இல் எடுத்த குடிசன, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17 வீதம். தோட்டங்களில் 32 வீதம். மூன்று பிள்ளைகளில் ஒன்று. இதைப் படித்த அன்று என்னோடு லயத்தில் விளையாடிய பிள்ளைகள் ஒவ்வொருவரும் கண்ணில் வந்தார்கள்.

காலையில் கோதுமை மா ரொட்டி, கட்டச் சம்பல், கூடவே பிளேன்டீ. உன் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். ரொட்டி, பருப்பு, கீரையிலிருந்து கிடைக்கும் இரும்புச்சத்தைத் தேயிலையின் பொலிபீனோல் பிடித்துக்கொள்கிறது, உடம்பு அதை எடுக்க முடிவதில்லை. நாள் முழுக்கக் கொழுந்து எடுக்கும் பெண்ணின் சாப்பாட்டில் இருக்கிற கொஞ்ச இரும்பையும் அவள் பறித்த இலையே தடுக்கிறது. பிளேன்டீயைச் சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடித்தாலே வித்தியாசம் உண்டு. சம்பலில் தேசிக்காய்ப் புளி விட்டால் அதிலுள்ள விற்றமின் சி இரும்பை உறிஞ்ச உதவும். அம்மாவிடம் இன்றைக்கே சொல்லு. பட்டம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

ஆனால் ஒன்றை மறக்காதே. "கீரை சாப்பிடுங்கள், முட்டை சாப்பிடுங்கள்" என்று எழுதிய சுவரொட்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சம்பளம் போதாத வீட்டில் முட்டை எங்கிருந்து வரும்? கீரை போட லயத்தைச் சுற்றி எத்தனை அடி நிலம் இருக்கிறது? நல்ல தண்ணீர் இல்லாமல் அடிக்கடி வயிற்றோட்டம் வரும் பிள்ளைக்கு எதைக் கொடுத்தாலும் உடம்பில் ஒட்டாது. இதையெல்லாம் உள்ளிருந்து தெரிந்தவர்கள் இந்தத் துறையில் மிகக் குறைவு. நீ போக வேண்டும் என்று நான் ஆசைப்படுவது அதனால்தான்.

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். படிப்பு முழுக்க ஆங்கிலத்தில். முதல் ஆறு மாதம் விரிவுரையில் பாதி எனக்குப் புரியவில்லை, விடுதிக் கட்டிலில் அழுதிருக்கிறேன். இப்போதே ஒரு கொப்பி போட்டு, உயர்தர இரசாயனத்தில் நீ தமிழில் படித்த சொற்களுக்கு ஆங்கிலச் சொற்களை எழுதத் தொடங்கு. வேலையும் பெரும்பாலும் கொழும்பு, கம்பஹா பக்கத்துத் தொழிற்சாலைகளில்தான், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில், சில இடங்களில் இரவு முறையும் உண்டு. ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் சாப்பாட்டைப் பார்க்கும் வேலைதான் உன் மனதில் இருந்தால், போசணைப் பாடங்கள் அதிகமுள்ள பட்டமாகத் தேர்ந்தெடு. வயம்ப பல்கலைக்கழகத்தின் மாகந்துர வளாகத்தில் உணவு விஞ்ஞானமும் போசணையும் சேர்ந்த பட்டம் இருக்கிறது. பேராதனை விவசாய பீடத்திலும் பெலிஹுல்ஓயாவிலுள்ள சப்ரகமுவ பல்கலைக்கழகத்திலும் உணவு விஞ்ஞானமும் தொழில்நுட்பமும். பெயர் ஒன்றுபோல இருந்தாலும் பாடங்கள் வேறு. விருப்ப வரிசை நிரப்புமுன் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை ஆசிரியரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படி.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். நீ வயிற்றில் இருந்தபோது கிளினிக்கில் அவருக்குத் திரிபோஷ பைக்கற் கொடுத்திருப்பார்கள். சோளமும் சோயாவும் சேர்ந்த அந்த மா 1973இலிருந்து இந்த நாட்டில் கொடுக்கப்படுகிறது. அதில் எவ்வளவு புரதம் இருக்க வேண்டும், எந்த விற்றமின் எத்தனை என்று யாரோ கணக்குப் போட்டார்கள். சோளத்தில் பூஞ்சண நஞ்சு இருக்கிறதா என்று யாரோ சோதித்துப் பார்த்த பிறகுதான் அதைப் பையில் அடைக்க வேண்டும். அம்மாவிடம் சொல்லு, அந்த யாரோ ஒருத்தியாக வருவேன் என்று.

அன்புடன்,
அக்கா