கலப்புப் புகையிலைக் கழலை: ஆக்சின் மட்டும்தான் காரணமா?

கேள்வி: நிக்கோட்டியானா கிளாக்கா, லாங்ஸ்டார்ஃபி என்ற இரு புகையிலை இனங்களையும் கலந்து பெற்ற செடியில், கிருமி தொற்றாமலே தண்டில் கழலைகள் கிளம்புகின்றன. ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோனின் மிகுதிதானே காரணம்?

பதில்: ‘மிகுதி’ என்ற சொல்லோடு நின்றுவிடாதீர்கள். பெற்றோர் செடியின் தண்டில் ஆக்சின் தடவினால் வீங்கும், வேர்கூட விடும். மருந்து தீர்ந்ததும் அடங்கிவிடும். கலப்பினக் கழலை அடங்காது.

தோஞ்சோ கோஸ்டாஃப் 1930இலேயே இவற்றை விவரித்துவிட்டார். விளக்கத்துக்கு வழி திறந்தது 1957இல், ஸ்கூக்கும் மில்லரும் செய்த புகையிலைத் திசுச் சோதனை. ஆக்சின் ஓங்கினால் வேர், சைட்டோகைனின் என்ற மற்றொரு ஹார்மோன் ஓங்கினால் தளிர், இரண்டும் இடைப்பட்ட விகிதத்தில் இருந்தால் உருவமற்ற திசுத்திரளான கேலஸ். பெற்றோர் திசுவுக்கு இவ்விரண்டையும் நாம் ஊட்ட வேண்டும். கலப்பினத் திசு ஊட்டாமலே வளரும். கோளாறு அளவில் மட்டுமல்ல, கட்டுப்பாட்டில். அதனால்தான் இளஞ்செடி பெரும்பாலும் அமைதியாக இருக்கிறது. பூத்து வளர்ச்சி ஓய்ந்தபின், அல்லது காயம் பட்ட இடத்தில், கழலை வெடிக்கிறது.

கிளாக்காவின் மரபணுத் தொகுதியில் அக்ரோபாக்டீரியம் ரைசோஜீன்ஸ் என்ற பாக்டீரியா செடிக்குள் செலுத்தும் டி-டிஎன்ஏவை ஒத்த துண்டு இருப்பது 1983இல் தெரியவந்தது. பழி முழுவதையும் அதன்மேல் போட முடியாது: கிளாக்கா கலக்காத சுவாவியோலென்ஸ்–லாங்ஸ்டார்ஃபி கலப்பிலும் கழலை வருகிறது.

கலப்பினத் திசு ஊட்டாமலே வளர்கிறதா என்று சோதிக்க எம்.எஸ். (முராசிகே–ஸ்கூக்) திசு வளர்ப்பு ஊடகம் போதும்: லிட்டருக்குச் சர்க்கரை 30 கிராம், அகார் 8 கிராம், பிஎச் 5.8, 121 டிகிரியில் 15 நிமிடம் நீராவியில் கிருமி நீக்குங்கள். பாதிக் குடுவைகளில் ஹார்மோன் வேண்டாம். மீதியில் லிட்டருக்கு ஐஏஏ (ஓர் ஆக்சின்) 2 மில்லிகிராம், கைனெட்டின் (ஒரு சைட்டோகைனின்) 0.2 மில்லிகிராம். ஐஏஏ வெளிச்சத்தில் சிதையும். குடுவையை இருட்டில் வையுங்கள். இருவகைக் குடுவையிலும் பெற்றோர் இரண்டு, கலப்பினம் ஒன்று என மூன்று திசுக்களையும் இடுங்கள். முதல் வளர்ச்சியை நம்பாதீர்கள். திசுவில் எஞ்சிய ஹார்மோனே சில வாரம் ஓட்டும். நான்கு வாரத்துக்கொருமுறை அதே வகைப் புது ஊடகத்துக்கு மாற்றி, மூன்றாம் மாற்றத்துக்குப் பிறகு எடை பாருங்கள்.

‘கிருமி தொற்றாமலே’ என்கிறீர்களே, அதை எப்படி உறுதி செய்தீர்கள்? அக்ரோபாக்டீரியம் உண்டாக்கும் கழலையும் ஹார்மோனில்லா ஊடகத்தில் வளரும். மேற்சொன்ன சோதனை இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாது. விதையின் மேற்பரப்பைக் கிருமி நீக்கி, மூடிய குடுவையில் கலப்பினத்தையும் பெற்றோரையும் வளர்த்து, தண்டில் கீறுங்கள். கலப்பினம் மட்டும் கழலை விட்டால்தான் உங்கள் கூற்று நிற்கும்.