நரம்பு வலி: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

கேள்வி: எனக்கு வயது 56. பதினோரு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளது. ஓராண்டாக இரண்டு பாதங்களும் இரவில் தீப்பட்டது போல எரிகின்றன. போர்வை உரசினாலே தாங்க முடிவதில்லை. வலி மாத்திரை எதுவும் கேட்கவில்லை. எக்ஸ்ரேயிலும் நரம்புப் பரிசோதனையிலும் குறை ஒன்றும் இல்லை என்று எழுதித் தந்துவிட்டார்கள். வீட்டில் உள்ளவர்கள் இதை என் மனப்பிரமை என்கிறார்கள். உண்மையில் எனக்கு இருப்பது என்ன? (வாசகர், கரூர்)

பதில்: தங்களுக்கு இருப்பது பிரமை அன்று. தாங்கள் எழுதியுள்ள அடையாளங்கள் அனைத்தும் சர்க்கரை நோயால் வரும் நரம்பு வலியோடு பொருந்துகின்றன. அடிபட்டாலோ புண் பட்டாலோ அந்தச் செய்தியை நரம்பு மூளைக்குக் கொண்டு செல்கிறது. அது சாதாரண வலி. நரம்பே பழுதடைந்து, காயம் எதுவும் இல்லாதபோதும் தானாகச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தால் அது நரம்பு வலி. டைக்ளோஃபெனாக், ஐபுரூஃபென், பாராசிட்டமால் ஆகிய வழக்கமான வலி மாத்திரைகளால் இந்த வலி குறிப்பிடும்படி குறைவதில்லை. இவற்றுள் முதல் இரண்டும், சர்க்கரையால் ஏற்கெனவே சுமை கூடியிருக்கும் சிறுநீரகத்தை மேலும் கெடுக்கக்கூடியவை என்பதால், தாமாக வாங்கி உண்பதைத் தாங்கள் இன்றே நிறுத்திவிட வேண்டும்.

இந்த நோயைக் கண்டுபிடிப்பதில் இயந்திரங்களைவிட நோயாளியின் சொல்லுக்கே முதலிடம். எரிச்சல், சுருக்கென்று குத்துவது, மின்சாரம் பாய்ந்தது போன்ற வெட்டு, ஊசி ஊசியாகக் குத்தும் மதமதப்பு, இரவில் கூடுவது, இரண்டு பாதங்களிலும் ஒரே அளவில் காலுறை அணியும் இடம்வரை பரவுவது ஆகியவற்றை மருத்துவர் ஒவ்வொன்றாகக் கேட்டறிகிறார். இதற்கென்றே வினாப்பட்டியல்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றான டி.என்.4 என்பதில் 10 குறிப்புகள் இருக்கும். 4 அல்லது அதற்கு மேல் பொருந்தினால் நரம்பு வலியாக இருக்கும் வாய்ப்பு அதிகம் எனக் கொள்வார்கள்.

அடுத்தது கையால் செய்யும் பரிசோதனை. கண்ணை மூடச் சொல்லி, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் உள்ளங்காலில் தொடுவார்கள். இழை வளையும் அளவுக்கு அழுத்தியும் நோயாளிக்கு அது தெரியாமல் போகலாம். அதே பாதத்தின் மேற்புறத்தில் பஞ்சால் மெல்லத் தடவினால், சுட்டது போலக் காலை இழுத்துக்கொள்வார். உணர்ச்சி குறைந்த இடத்திலேயே வலி மிகுந்திருக்கும் இந்த முரண்பாடுதான் நரம்பு வலிக்குரிய தெளிவான அடையாளம். இதனைக் கண்ணால் பார்த்துவிட்ட எந்த மருத்துவரும் வலியைப் பிரமை என்று சொல்ல மாட்டார். பெருவிரல் எலும்பின் மேல் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையை வைத்து அதிர்வு தெரிகிறதா என்று பார்ப்பதும், குதிகால் நாணைச் சிறு சுத்தியால் தட்டிப் பாதம் துள்ளுகிறதா என்று பார்ப்பதும், பாதத்தின் நாடித்துடிப்பைத் தொட்டு இரத்த ஓட்டக் குறைவு இல்லையென உறுதி செய்வதும் இதனோடு சேர்ந்தவை. நடந்தால் கெண்டைக்காலில் வலித்து, நின்றால் நீங்கும் வலி பெரும்பாலும் இரத்தக்குழாய் அடைப்பைச் சேர்ந்தது. ஓய்ந்து படுத்தபின் கூடும் பாத எரிச்சல் பெரும்பாலும் நரம்பைச் சேர்ந்தது.

தங்கள் நரம்புப் பரிசோதனை சரியாக வந்ததற்கும் காரணம் உண்டு. மின்சாரம் செலுத்திச் செய்யும் அந்தச் சோதனை, பருத்த நரம்பிழைகளின் வேகத்தை மட்டுமே அளக்கிறது. சூட்டையும் வலியையும் கடத்தும் மெல்லிய இழைகள் அதில் அகப்படுவதில்லை. சர்க்கரை நோயில் அந்த மெல்லிய இழைகள் தொடக்கத்திலேயே பாதிக்கப்படக்கூடும். ஆகவே அறிக்கையில் குறை இல்லை என்றால் பருத்த இழைகள் நலமாக உள்ளன என்பது மட்டுமே பொருள்.

சர்க்கரை இருப்பதாலேயே எல்லாவற்றுக்கும் சர்க்கரைதான் காரணம் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, மதுப்பழக்கம், சிறுநீரகக் கோளாறு, காசநோய்க்குத் தரப்படும் ஐசோனியசிட், சில புற்றுநோய் மருந்துகள் ஆகியவையும் இதே வலியைத் தரும். தொழுநோயும் நரம்பைத் தாக்குவது என்பதால் தோலில் உணர்ச்சியற்ற தேமல் உண்டா என்றும் பார்க்க வேண்டும். சில இரத்தப் பரிசோதனைகளில் இவற்றில் பலவும் தெரிந்துவிடும். வலி ஒரு காலில் மட்டும் இருந்தாலோ, சில நாள்களில் வேகமாகக் கூடினாலோ, கால் பலம் குறைந்தாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, இது வேறு நோயாக இருக்கக்கூடும். அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கேள்வி: என் தாயாருக்கு வயது 67. பாத எரிச்சலுக்காக மருத்துவர் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் எழுதித் தந்தார். அது மன அழுத்தத்துக்கான மாத்திரை என்று மருந்துக்கடையில் சொன்னதைக் கேட்டதிலிருந்து அம்மா அதைத் தொட மறுக்கிறார். "எனக்கென்ன பைத்தியமா?" என்று அழுகிறார். (வாசகி, மதுரை)

பதில்: தங்கள் தாயாரின் மனவருத்தம் எனக்குப் புரிகிறது. மாத்திரையை எழுதும்போதே இரண்டு நிமிடம் செலவிட்டு இதை விளக்கியிருந்தால் அவர் அழ நேர்ந்திராது. மூளைத்தண்டிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் சில நரம்புப் பாதைகள், கீழிருந்து வரும் வலிச் செய்தியை மட்டுப்படுத்தும் வேலையைச் செய்கின்றன. அந்தப் பாதைகள் நார்எபிநெஃப்ரின், செரோட்டோனின் என்னும் இரசாயனங்களைக் கொண்டு இயங்குகின்றன. அமிட்ரிப்டிலினும், டுலாக்ஸெட்டின் என்னும் மற்றொரு மாத்திரையும் அந்த இரசாயனங்களைக் கூடுதல் நேரம் நிலைக்கச் செய்து வலியைக் குறைக்கின்றன. மனச்சோர்வு சிறிதும் இல்லாதவர்களுக்கும் அவை இதே பலனைத் தருகின்றன. மனச்சோர்வுக்குத் தரும் அமிட்ரிப்டிலின் அளவோடு ஒப்பிட்டால் 10 மில்லிகிராம் என்பது மிகச் சிறிது. அம்மாவுக்கு இதை அப்படியே படித்துக் காட்டுங்கள்.

இந்த வலிக்கு உலகெங்கும் மருத்துவர்கள் முதலில் எடுக்கும் மருந்துகள் சில மட்டுமே: அமிட்ரிப்டிலின் போன்றவை, டுலாக்ஸெட்டின், வலிப்பு நோய்க்கெனத் தோன்றிய கபாபென்டின், பிரிகாபலின். 2015ஆம் ஆண்டு வெளிவந்த பன்னாட்டு ஆய்வுத் தொகுப்பு ஒன்றின்படி, அமிட்ரிப்டிலின் வகையை ஏறத்தாழ 4 பேருக்குத் தந்தால், மருந்தே இல்லாத வெற்று மாத்திரையால் கிடைக்கும் பலனுக்கும் மேலாக, அவர்களுள் ஒருவருக்கு வலி பாதியாகக் குறைகிறது. டுலாக்ஸெட்டின் வகைக்கு அந்த எண்ணிக்கை 6 முதல் 7 வரை. பிரிகாபலினுக்கு ஏறத்தாழ 8. 2022இல் பிரிட்டனில் சர்க்கரை நோயாளிகளிடம் அமிட்ரிப்டிலின், டுலாக்ஸெட்டின், பிரிகாபலின் மூன்றையும் ஒன்றுக்கொன்று ஒப்பிட்ட ஆய்வில், எதிலிருந்து தொடங்கினாலும் பலன் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஒன்று போதாதவர்களுக்கு இரண்டாவதைச் சேர்த்தபோது வலி மேலும் குறைந்தது.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது? அதை நோயாளியின் மற்ற உறுப்புகளே தீர்மானிக்கின்றன. அமிட்ரிப்டிலின் வாயை உலர்த்தும், மலச்சிக்கல் தரும், தூக்கம் வரவழைக்கும். தூக்கமின்றித் தவிப்பவருக்கு அந்தத் தூக்கமே நன்மை. ஆனால் இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர், கண் அழுத்த நோய் உள்ளவர், புராஸ்டேட் வீங்கிச் சிறுநீர் தடைப்படும் முதியவர் ஆகியோருக்கு அது பொருந்தாது. அவர்களுள் பலருக்கு டுலாக்ஸெட்டின் தரலாம்; ஆனால் கண் அழுத்த நோயும் சிறுநீர்த் தடையும் உள்ளவருக்கு அதிலும் எச்சரிக்கை தேவை. 30 மில்லிகிராமில் தொடங்கி 60க்கு உயர்த்துவார்கள். முதல் வாரம் வரும் குமட்டல், உணவுக்குப் பின் உண்டால் குறையும். கல்லீரல் நோய் உள்ளவருக்கு அது கூடாது. தங்கள் தாயாருக்கு இந்த வயதில் ஒருமுறை ஈ.சி.ஜி. எடுத்திருக்கிறார்களா என்பதை மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரவில் சிறுநீர் கழிக்க எழும்போது தள்ளாடி விழுந்துவிடாமல் முதல் சில நாள்கள் யாரேனும் அருகில் இருப்பது நல்லது.

கேள்வி: மூன்று மாதமாக பிரிகாபலின் 75 மில்லிகிராம் இரவில் உண்கிறேன். வலி பாதிதான் குறைந்தது. தலைசுற்றலும் கால் வீக்கமும் உள்ளன. நிறுத்திவிடலாமா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். திடீரென விட்டால் தூக்கமின்மை, பதற்றம், குமட்டல், வியர்வை வரும். வலிப்பு உள்ளவருக்கு வலிப்பே திரும்பும். குறைந்தது ஒரு வாரமாவது எடுத்துக்கொண்டு மருத்துவர் சொல்படி படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

பாதி குறைந்ததைத் தாங்கள் தோல்வியாகக் கருதுகிறீர்கள்; மருத்துவ அளவுகோலில் அது நல்ல பலன். மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலே மருந்து வேலை செய்கிறது என்று கணக்கிடுகிறோம். இந்த வலியை முற்றிலும் அழிக்கும் மாத்திரை இன்றுவரை இல்லை. தூங்கவும் நடக்கவும் வேலைக்குச் செல்லவும் முடிகிறதா என்பதையே அளவாகக் கொள்ளுங்கள்.

பிரிகாபலின் உடலில் மாறுதலின்றிச் சிறுநீரகத்தின் வழியே வெளியேறுவது. சிறுநீரகம் மந்தமானவருக்கு அது இரத்தத்தில் தேங்கி, சிறு அளவே பெரு அளவாகிவிடும். ஆகவே தங்கள் தலைசுற்றலுக்கு முதல் பரிசோதனை, சிறுநீரகத்தின் திறனைக் காட்டும் கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனை. கால் வீக்கம் இந்த மருந்தின் அறிந்த பக்கவிளைவு. எனினும் மூச்சு வாங்கினால் இதயத்தையும் பார்க்க வேண்டும். சிறுநீரகம் நலமாக இருந்து தலைசுற்றல் நீடித்தால் வேறு மருந்துக்கு மாறலாம். அதுவரை இருசக்கர வாகனம் ஓட்ட வேண்டாம். மது அறவே கூடாது. பக்கத்து வீட்டார் கேட்டாலும் இந்த மாத்திரையைப் பகிர்ந்துகொள்ளாதீர்கள். இதற்கு அடிமையாகும் ஆபத்து உள்ளதால் 2019 முதல் பிரிட்டனில் இது கட்டுப்படுத்தப்பட்ட மருந்து.

கேள்வி: நரம்புக்கு "சத்து மாத்திரை" போதாதா? (வாசகி, ஈரோடு)

பதில்: பி12 குறைவாக உள்ளவருக்கு அது மாத்திரையாகவோ ஊசியாகவோ கட்டாயம் தேவை; நெடுநாள் மெட்ஃபார்மின் என்னும் சர்க்கரை மாத்திரை உண்பவர்களும், இறைச்சி, முட்டை, பால் எதுவும் உண்ணாதவர்களும் அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். குறைவு இல்லாதவருக்கு அது வலியைத் தணிக்கும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. பி6 அதிக அளவில் நெடுநாள் உண்டால் அதுவே நரம்பைக் கெடுக்கும். இரண்டு மூன்று மாத்திரைகளில் ஒரே பி6 மறைந்திருக்கக்கூடும் என்பதால் அட்டைகளின் பின்புறத்தைப் படித்துப் பாருங்கள்.

கேள்வி: என் தம்பிக்குச் சர்க்கரை மிக அதிகமாக இருந்து, இன்சுலின் தொடங்கிய இரண்டே மாதத்தில் ஹெச்.பி.ஏ.1சி. (ஏறத்தாழ மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அளவு) 13இலிருந்து 7.5க்கு இறங்கியது. அதற்குப் பின்புதான் கால் எரிச்சல் தொடங்கியது. இன்சுலின்தான் நரம்பைக் கெடுத்தது என்று சொல்லி நிறுத்தப் பார்க்கிறான். (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: தயவுசெய்து நிறுத்த விடாதீர்கள். தங்கள் தம்பிக்கு நேர்ந்திருக்கக்கூடியதை மருத்துவம் நன்கு அறிந்திருக்கிறது. நெடுங்காலம் கட்டுக்கடங்காமல் இருந்த சர்க்கரை, மூன்று மாதத்துக்குள் ஹெச்.பி.ஏ.1சி. அளவில் 2 புள்ளிகளுக்கு மேல் இறங்கும்போது, சிலருக்குக் கடும் நரம்பு வலி புதிதாகத் தோன்றும். இறக்கம் கூடக்கூட வலிக்கான வாய்ப்பும் கூடுகிறது. இதற்கு இன்சுலின் என்ற பொருள் காரணம் அன்று. மாத்திரையாலோ உணவுக் கட்டுப்பாட்டாலோ அதே வேகத்தில் இறக்கினாலும் வலி வரும். பலருக்கு இது மாதக்கணக்கில் மெல்லத் தணிந்துவிடுகிறது. அதுவரை மேலே சொன்ன மருந்துகளால் வலியைத் தாங்கும்படி வைத்துக்கொள்ளலாம். நிறுத்தினால் சர்க்கரை மீண்டும் ஏறி, வலியில்லாமலேயே நரம்பையும் சிறுநீரகத்தையும் அரிக்கும். இனி வரும் இறக்கத்தை நிதானமாக்க முடியுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். இதே வேக இறக்கத்தில் விழித்திரையும் சிலருக்கு மோசமாகும் என்பதால் இந்த மாதமே கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு விலாவில் அக்கி வந்து கொப்புளங்கள் ஆறி நான்கு மாதம் ஆகிறது. சட்டை பட்டாலே துடிக்கிறார். அக்கி மருந்தை மீண்டும் தரலாமா? (வாசகி, சேலம்)

பதில்: வைரஸைத் தடுக்கும் மருந்து, கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பயன் தரும், இப்போது அதனால் பலன் இல்லை. மூன்று மாதம் கடந்தும் நீடிக்கும் இந்த வலிக்கும் முன்சொன்ன மருந்துகளே உதவும். வயது முதிர்ந்தவருக்கு மாத்திரையின் மயக்கம் ஆகாது எனில், மரத்துப்போகச் செய்யும் 5 சதவீத லிடோகெய்ன் ஒட்டுப்பட்டையை வலிக்கும் இடத்தில், ஆறிய தோலின் மேல் மட்டும், நாளில் 12 மணி நேரம் ஒட்டி, மீதி 12 மணி நேரம் எடுத்துவிட வேண்டும். அதன் மேல் மெல்லிய பருத்தி பனியன் அணிவித்தால் சட்டை உரசுவதும் குறையும். அக்கிக்குத் தடுப்பூசி இப்போது நம் நாட்டிலும் கிடைக்கிறது. தங்கள் தாயார் 50 வயதைக் கடந்தவராயின், 2 முதல் 6 மாத இடைவெளியில் இரண்டு தவணைகள் போட்டுக்கொள்வது குறித்து அவருடைய மருத்துவரிடம் பேசுங்கள்.